விளக்குக் கம்பத்தைப் பார்த்திருப்போர்

கடந்த மாரியில் ஒருநாட் காலை, கொழும்பில் நான் தேநீரும் பத்திரிகையுமாக அமர்ந்திருந்தபோது கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. ஒரு வீதி விளக்குக் கம்பம். அதன் கீழே ஈரமான தெரு. ஓரமாக நிறுத்தப்பட்ட ஒரு கார். வேறெதுவும் இல்லை, ஒரு சொல்லும் எழுதப்பட்டிருக்கவில்லை. இங்கே காலை எட்டு மணி என்றால் லண்டனில் அதிகாலை இரண்டரை. அனுப்பியவன் என் தங்கையின் மகன். இன்று வேலை, குடும்பம் என்றாகிவிட்ட வளர்ந்த மனிதன். அந்தப் படத்தின் பொருள் அவனுக்கும் எனக்கும் மட்டுமே விளங்கும். ‘இன்னும் தொடங்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதே அது.

பார்த்துக்கொண்டிருப்பது பனிப்பொழிவுக்காக. இப்படி இராத்திரியில் நித்திரை விழித்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, திரைச்சீலையை விலக்கி, தெருவிளக்கின் ஒளிவட்டத்தையே உற்றுநோக்கிக்கொண்டிருக்கும் மனிதர்கள் இங்கிலாந்து முழுவதும் இருக்கிறார்கள் என்பதை 2010ஆம் ஆண்டு டிசம்பர் வரை நான் அறிந்திருக்கவில்லை. பல்லாண்டுகள் செய்தி மேசையில் இருந்து, ‘ஐரோப்பாவில் கடும் பனிப்பொழிவு’ என்று எத்தனையோ தலைப்புகள் எழுதியவன் நான். ஆனால் அந்தப் பொருளைக் கண்ணால் கண்டதில்லை. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லிலே நிற்பது. தலையில் துவாய் போடாமல் வெளியே போனால் தடிமன் தருவது. வானிலிருந்து வெள்ளையாக விழுவதற்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். லண்டனில் எங்கள் ஆட்கள் இந்தச் சிக்கலைச் சுலபமாகத் தீர்த்துவிட்டார்கள். ‘ஸ்நோ கொட்டுது’ என்கிறார்கள். இலக்கணம் பார்க்கிறவர்கள் மன்னிக்கவேண்டும்.

அந்த டிசம்பர் முதல் வாரத்தின் முடிவில் ஹரோவில் உள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. விமான நிலையத்திலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்னரே அவன் சொன்ன முதல் வசனம், “மாமா, நீங்கள் ஒரு கிழமை பிந்தி வந்திட்டியள்” என்பதாகும். நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முதலிரு நாட்களிலும் இங்கிலாந்தில் பனி கொட்டியிருந்தது. லண்டனுக்குத் தெற்கே கொட்டியதுபோல் வடமேற்கே கொட்டவில்லை என்பது அவனுடைய தீராத மனக்குறை. தெற்கே வசிக்கும் நண்பனொருவன் மீது அவனுக்கு இருந்த பொறாமை, காணித் தகராறில்கூட நான் கண்டிராதது.

அவனுடைய அறையில் எனக்குப் படுக்கை போட்டிருந்தார்கள். முதல் இரவு ஒன்றரை மணியளவில் கண் விழித்தபோது, யன்னலோரம் ஒரு போர்வை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பயந்துதான் போனேன். “ஒண்டுமில்லை மாமா, படுங்கோ. வந்தால் எழுப்பிறன்” என்றது போர்வை.

மறுநாளிலிருந்து நானும் அந்த வித்தையைப் பயின்றேன். ஏன் விளக்குக் கம்பம்? இருண்ட வானத்தில் பனித்துகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெருவிளக்கின் ஒளிக்கூம்புக்குள் நுழையும்போதுதான் அது தெரியும். எல்லா விளக்கும் இதற்கு உதவாது. பின்னால் கறுப்பாக மரமோ இருண்ட சுவரோ இருக்கவேண்டும். யன்னலிலிருந்து நேர்கோட்டில் தெரியவேண்டும். அவன் தெரிவுசெய்திருந்த விளக்கு எதிர்வீட்டுக்குப் பக்கத்தில், ஓர் ஊசியிலை மரத்துக்கு முன்னால் நின்றது. அந்தக் காலத்து விளக்குகள் சோடியம் ஆவி விளக்குகள். நம் ஊர்ச் செவ்விளநீர் நிறத்தில் எரிந்தன. அவ்வொளியில் மழைத்துளி கீறுபோல விரைந்து விழும். பனித்துகள் அவசரப்படாது, சற்று மிதந்து, பக்கவாட்டில் நகர்ந்து, சிலவேளை மேலேகூட எழுந்து, பின்னர்தான் இறங்கும். இரண்டும் கலந்ததும் உண்டு. அதுதான் இந்தக் கூட்டத்தினரை மிகவும் வதைப்பது. கீறா, மிதப்பா என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பார்கள். நீண்டநேரம் உற்றுப் பார்த்தால் எதுவும் விழாதபோதும் விழுவதுபோலத் தோன்றும். நானே இரண்டுமுறை “அந்தா, அந்தா” என்று கத்தி அவனுடைய மரியாதையை இழந்தேன்.

அவனிடம் ஒரு கணினி இருந்தது. அதிலே அவன் பார்த்தவை விளையாட்டுகள் அல்ல, வளிமண்டல வரைபடங்கள். அமெரிக்கரின் வானிலைக் கணிப்பு மாதிரி நாளுக்கு நான்கு தடவை புதிதாக ஓட்டப்படுகிறது. அதன் பெறுபேறு சில மணிநேரம் கழித்து வெளிவரத் தொடங்கும். பிரித்தானிய நேரப்படி ஒன்று இரவு ஒன்பதரைக்குப் பிறகும், இன்னொன்று அதிகாலை மூன்றரைக்குப் பிறகும் வரும். ஐரோப்பிய நாடுகளின் பொது வானிலை மையம் லண்டனுக்கு மேற்கே ரெடிங் நகரில் இருக்கிறது. அதன் கணிப்பு இன்னொரு பக்கம். பள்ளிக்கூடக் கணக்கில் சாதாரணப் புள்ளி எடுக்கும் ஒரு பிள்ளை, 1000 ஹெக்டோபாஸ்கல் அமுக்க மட்டத்துக்கும் 500 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்கும் இடைப்பட்ட வளிப்படையின் தடிப்பு 5280 மீற்றருக்குக் குறைந்துவிட்டதா என்று நள்ளிரவில் ஆராய்ந்துகொண்டிருப்பதைக் கற்பனை செய்துபாருங்கள். குளிர்ந்த காற்று சுருங்கும். சுருங்கினால் படை மெல்லியதாகும். அந்தக் கோட்டுக்கு உட்பட்டால் விழுவது மழையாக இல்லாமல் பனியாக இருக்கும் வாய்ப்புக் கூடும். முற்காலத்தில் முன்னறிவிப்பாளருக்கு அது முக்கியமான ஒரு விதியாக இருந்ததாம். “வெப்பநிலையை மட்டும் பார்க்கக்கூடாது மாமா, பனிபடுநிலையையும் பார்க்கவேணும்” என்று எனக்குப் பாடம் எடுத்தான். காற்று உலர்ந்திருந்தால், விழும் துளி ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிவிடும். விழுகின்ற பனி உருகும்போதும் அவ்வாறே. ஆகவே பூச்சியத்துக்கு ஒன்றிரண்டு பாகை மேலே நிற்கும் காற்றுகூட, பொழிவு பலமாக இருந்தால், தானே குளிர்ந்து மழையைப் பனியாக மாற்றிக்கொள்ளும். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு மந்திரவாதியின் களிப்பு இருந்தது.

அவர்களுடைய பழக்கங்களில் எனக்கு மிகவும் பழக்கப்பட்டதாகத் தோன்றியது ஒன்று. பத்துக் கணிப்புகளில் ஒன்பது ‘வராது’ என்று சொல்லி ஒன்று மட்டும் ‘வரும்’ என்று சொன்னால், அவர்கள் அந்த ஒன்றைத்தான் நம்புவார்கள். இரவு முழுவதும் அதற்கு ஆதாரம் தேடுவார்கள். செய்தி மேசையில் இருந்தவர்களுக்கு இந்த நோய் தெரியும். தலைப்பு நன்றாக அமைந்துவிட்ட ஊர்ஜிதமாகாத செய்தியைக் கைவிட மனம் வராது. கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்வரை, எங்கிருந்தாவது ஒரு தொலைபேசி வரும், ‘ஆம்’ என்று சொல்லும் என்று காத்திருப்போம். பெரும்பாலும் வராது.

நம்பிக்கைகளும் உண்டு. ‘வரும்’ என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சறுக்கு வண்டியை முன்கூட்டி எடுத்து வைக்கக்கூடாது. அமெரிக்காவில் பிள்ளைகள் இன்னும் ஒருபடி மேலே. பனி வந்து பாடசாலை பூட்டவேண்டும் என்பதற்காக இரவு உடுப்பை உட்புறம் வெளியாகப் போட்டுக்கொண்டு, தலையணைக்குக் கீழே கரண்டி வைத்துப் படுப்பார்களாம். சிரிக்கவேண்டாம். மழை வேண்டிக் கொடும்பாவி கட்டி இழுத்தவர்கள் நாங்கள்.

உண்மையில் இந்த ஒப்பீடுதான் எனக்கு அவர்களை விளங்க வைத்தது. ரொறன்ரோவில் இருக்கும் என் உறவினர் எவரும் பனிக்காக யன்னலோரம் தவம் கிடப்பதில்லை. அங்கே அது வரும், நிறையவே வரும், அள்ளிக் கொட்டவேண்டிவரும். இங்கிலாந்தோ கடல் சூழ்ந்த தீவு. மேற்கே இளஞ்சூடான அத்திலாந்திக்; பெரும்பாலான மாரி நாட்களில் அங்கிருந்து வரும் காற்று மழையைத்தான் கொண்டுவரும். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ குளிர்காற்று வந்து, அதே நேரத்தில் ஈரமும் சேர்ந்தால்தான் பனி. ஒரு பாகை கூடினால் எல்லாம் தண்ணீர். வரலாம், வராமலும் போகலாம் என்ற அந்த ஒரு பாகை இடைவெளியில்தான் இவர்களுடைய முழு வாழ்வும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி பிறந்தும் மழை இறங்காத ஆண்டுகளில் என் தந்தையார் வாசற்படியில் நின்று வடகீழ்த்திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். விதைத்த நெல் மண்ணுக்குள் கிடக்கும். அவரிடம் வரைபடம் இல்லை, கண்மட்டும் இருந்தது. பார்வை ஒன்றுதான்.

ஆனால் அவருக்கு மழை சோறு. இவனுக்குப் பனி என்ன? இந்தக் கேள்வியை என் மச்சான், அதாவது தங்கையின் கணவர், வேறு விதமாகக் கேட்டார். அவர் பெற்றோல் நிலையம் ஒன்றில் இரவு வேலை. 2009 பெப்ரவரி முதலாம் திகதி இரவு லண்டனில் விழுந்த பனி, தென்கிழக்கு இங்கிலாந்தில் 18 ஆண்டுகளில் விழுந்தவற்றுள் மிகப் பெரியது. மறுநாட் காலை நகரத்தின் பஸ் சேவைகள் யாவும் நிறுத்தப்பட்டிருந்தன. அவர் இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக நடந்து வீடு வந்து சேர்ந்தார். படலையைத் திறக்கும்போது, மகன் முற்றத்தில் நின்று, “அப்பா, பதினைஞ்சு சென்ரிமீற்றர்!” என்று துள்ளினானாம். “அண்டைக்கு அவனுக்கு அடிக்காமல் விட்டது என்ரை பொறுமை” என்று எனக்குச் சொன்னார் மச்சான். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. விருந்தாளியாகப் போனவன் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நான் தேநீரைக் குடித்தேன்.

அந்த மாதம் முழுவதும் தொலைக்காட்சியில் நத்தார்ப் பனியைப் பற்றிய பேச்சு. வெள்ளை நத்தார் வருமா வராதா என்று பந்தயம் கட்டுகிறார்கள். பிரித்தானிய வானிலை அலுவலகத்தின் வரைவிலக்கணம் வெகு சிக்கனமானது: டிசம்பர் 25ஆம் திகதியின் 24 மணித்தியாலத்துக்குள், நாட்டில் எங்காவது ஒரேயொரு பனித்துகள் விழுவதை அவதானித்தால் போதும். ஒரேயொரு துகள்! அதனை அவதானிக்க உத்தியோகத்தர் ஒருவர். எங்களுடைய தேர்தல் முடிவுகளுக்கும் இவ்வளவு தெளிவான வரைவிலக்கணம் இருந்தால் எவ்வளவு நல்லது என்று எண்ணிக்கொண்டேன்.

ஒற்றைத் துகளுக்கு வாழ்வையே கொடுத்த மனிதர் ஒருவரும் இருந்தார். அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரைச் சேர்ந்த விவசாயி வில்சன் பென்ற்லி. 1885 ஜனவரி 15ஆம் திகதி, நுணுக்குக்காட்டியோடு புகைப்படக் கருவியைப் பொருத்தி, முதன்முதலில் ஒரு பனிப்பளிங்கைப் படமெடுத்தார். பிறகு தம் வாழ்நாளில் 5000க்கு மேற்பட்ட படங்கள். அவருடைய படத்தொகுப்பு நூல் 1931இல் வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில், பனிப்புயலினூடே வீட்டுக்கு நடந்துசென்ற பின் நிமோனியா கண்டு இறந்துபோனார். மருமகனின் மேசைக்கு மேலே அந்தப் படங்களில் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ஆறு கரங்கள், ஒவ்வொன்றிலும் கோலத்தின் நுணுக்கம். என் தாயார் மார்கழியில் போடும் கோலத்தை நினைவூட்டியது. அந்த வீட்டில் அந்நாட்களில் எதைப் பார்த்தாலும் தாயாரின் நினைவு வந்ததற்குக் காரணம் இருந்தது.

முந்தைய மார்கழியில்தான் அவர் காலமானார். ஆட்டைத் திவசம் 21ஆம் திகதி. நான் ஒரே மகன். அதை நான் ஊரில் செய்யவேண்டும். அதற்காக 18ஆம் திகதி, சனிக்கிழமை இரவு விமானத்துக்குப் பதிவு செய்திருந்தேன். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பாடசாலை விடுமுறை தொடங்கியது. அன்று எல்லாக் கணிப்புகளும், பத்தில் ஒன்றல்ல, பத்தும், பனி வருகிறது என்றன. நானும் அவனும் விளக்கைப் பார்த்து உட்கார்ந்தோம். அதுதான் என் கடைசி இரவு என்பதால் தங்கையும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கோப்பைகளில் மல்லித்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பன்னிரண்டு மணி. ஒரு மணி. வானம் பளிச்சென்று இருந்தது; நட்சத்திரங்கள்கூடத் தெரிந்தன. “நட்சத்திரம் கூடாது மாமா” என்று முறைப்பட்டான். அன்றைக்கு அவன் வாய்விட்டும் கேட்டுவிட்டான்: “ஒருக்கால், மாமா இருக்கேக்கை ஒருக்கால் வரட்டும்.” இரண்டு மணிக்கு நான் படுத்துவிட்டேன். அவன் ஐந்து மணிவரை இருந்தானாம்.

பனி அவர்கள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. காலை பத்து மணி கடந்து, விளக்கெல்லாம் அணைந்த பிறகு, குசினி யன்னலருகே நான் பாண் தின்றுகொண்டிருக்கையில் வந்தது. முதலில் ஏதோ சாம்பல் பறக்கிறது என்றே நினைத்தேன். பிறகு தெரு சத்தமிழந்தது. புதுப்பனி துளைகள் நிறைந்தது. ஒலியை உறிஞ்சிவிடும் என்று அவன் முன்னரே சொல்லியிருந்தான். ஆனால் காது அடைத்துப்போனதோ என்று ஒருகணம் ஐயுறும் அளவுக்கு அது இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கத்தரி நிறக் கதவு கொண்ட எதிர்வீடு மெல்ல மெல்ல மறைந்தது. வயது அறுபதை அண்டிய ஒருவன் கையில் பாண் துண்டுடன் வாய் திறந்தபடி எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது.

ஓடிப்போய் அவனை எழுப்பினேன். யன்னலைப் பார்த்தான். முகம் மலர்ந்து, அடுத்த கணமே வாடியது. “தொடங்கினதை நான் பார்க்கேல்லை” என்றான். முதல் துகளைக் காண்பதற்குத்தான் இத்தனை இரவுகள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிடக்கும் பனியை எவரும் பார்க்கலாம்.

பிற்பகலில் செய்தி வந்தது. லண்டனின் பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதைகள் மூடப்பட்டுவிட்டன. என் விமானம் இல்லை. அடுத்தநாளும் இல்லை. நத்தாருக்கு முந்திய அந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் விமான நிலையத் தரையில் படுத்துறங்குவதைத் தொலைக்காட்சி காட்டியது. அந்த டிசம்பர், பிரித்தானியா முழுவதற்குமான பதிவுகளில் 100 ஆண்டுகளில் மிகக் குளிரானது என்று பின்னர் கணக்கிட்டார்கள். நத்தார் அன்று நாட்டின் அவதான நிலையங்களில் 83 வீதமானவற்றில் நிலத்தில் பனி கிடந்தது. ஊருக்குத் தொலைபேசி எடுத்து, வரமுடியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை, மச்சான்தான் சொன்னார்.

அன்றிரவு அறைக்குள் போனபோது திரைச்சீலை இழுத்து மூடப்பட்டிருந்தது. வெளியே இன்னும் தூறலாகக் கொட்டிக்கொண்டிருந்தது, அவன் பார்க்கவில்லை. விளக்கை அணைத்து வெகுநேரம் சென்றபின் இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மாமா, நான் கேட்டதாலதானே?”

நான் பதில் தேடினேன். வளியமுக்கமும் பனிபடுநிலையும் அவனே எனக்குக் கற்பித்தவை. வானம் எவர் கேட்டும் பெய்வதில்லை என்பது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை அவனிடமே திருப்பிச் சொல்லுவது எப்படி?

“நானும்தான் கேட்டனான்” என்றேன். அது பொய்யல்ல. வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

“அம்மம்மா கோவிப்பாவோ?”

“அம்மம்மா இதைக் கண்டிருந்தால் முதல் ஆளாய் முத்தத்திலை இறங்கியிருப்பா.”

சிறிது நேரம் கழித்துத் திரைச்சீலை விலகும் சத்தம் கேட்டது. செம்மஞ்சள் ஒளி கூரையில் விழுந்தது.

21ஆம் திகதி தங்கை வீட்டிலேயே படையல் வைத்தோம். பாதை வழுக்கியதால் ஐயர் வரவில்லை. செய்யவேண்டியவற்றைத் தொலைபேசியில் சொன்னார். தமிழ்க் கடையில் வாங்கி உறைந்துபோகாமல் காப்பாற்றிய வாழையிலை. வாழைக்காய், பூசணிக்காய், பருப்பு, வடை, பாயசம். காகத்துக்குச் சோறு வைக்கவேண்டும். பின்வளவு முழுதும் வெள்ளை. மருமகன் கையுறை போட்டுக்கொண்டு போய், வேலியோரத்து மதிலில் ஒரு முழ நீளத்துக்குப் பனியை வழித்து, துணியால் துடைத்து, இலைத் துண்டை விரித்துச் சோற்றை வைத்துவிட்டு ஓடிவந்தான். வந்தவன் குசினி விளக்கை அணைத்தான். “உள்ளுக்கு வெளிச்சம் இருந்தால் வெளியிலை வடிவாய்த் தெரியாது” என்றான்.

நால்வரும் யன்னலருகே நின்றோம். சோற்றிலிருந்து ஆவி எழுந்து நின்றுபோயிற்று. ஒரு புறா வந்தது, போய்விட்டது. பத்து நிமிடம். கால் மணி.

“இந்தக் குளிருக்குள்ளை வருமோ?” என்றாள் தங்கை.

“சொல்லாதேங்கோ அம்மா” என்றான் அவன், கண்ணை எடுக்காமலே.

நம் ஊர்க் காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம். மதிலுக்குச் சற்று அப்பால் பனியில் வந்து இறங்கியது முழுக் கறுப்பு. தலையைச் சரித்து எங்கள் யன்னலைப் பார்த்தது. பிறகு, ஒவ்வோர் அடிக்கும் ஒரு சிறு தடம் பதித்தபடி, மதிலை நோக்கி நடந்து வரத் தொடங்கியது. மருமகன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.